பாலர் வகுப்பில் ஒரு பலசரக்குக் கடை

நாலு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலையில், யார் யாருக்குச் சொல்லித் தருகிறார்கள் என்பது கடைசி மணி அடிக்கும்வரை தெரியாது. இதே வேலையில் மாட்டிக்கொண்டு விழிக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாற்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்குப் பாலர் வகுப்பு கிடைத்தது. இன்ஸ்பெக்டர் வரும்போது பிள்ளைகளுக்குப் பத்து வரை எண்ணத் தெரியாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். மூடினால் நான் அம்மாபேட்டையில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி, அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். விளையாட்டுக் கடை வைத்தால் எண் தானாக வரும் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். வைத்தேன் கடை!

காலி டப்பா

"வீட்டில் இருக்கும் காலி டப்பாக்களைக் கொண்டு வாருங்கள்" என்றேன். எந்த வீட்டில் டப்பா காலியாக இருக்கிறது? பிள்ளைகள் தாங்களே காலி செய்து கொண்டுவந்துவிட்டார்கள். பெரிய பெரிய டப்பாக்கள். எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலையில் என் வகுப்புப் பிள்ளை பாவாயியின் அம்மா கையில் விளக்குமாற்றோடு வாசலில் நின்றாள். "ஏனுங்க டீச்சரம்மா, மொளகாத் தூளை மாட்டுத் தண்ணித் தாழியில கொட்டிப்போட்டு டப்பாவைத் தூக்கியாந்துட்டாளுங்க. எருமை என்னையப் பாத்தாலே தும்முதுங்க!"

முதல் முதலாளி

செங்கோடனைக் கடைக்காரன் ஆக்கினேன். மாட்டுத் தரகர் மகன், பேச்சுக்குக் குறைவிருக்காது என்று கணக்குப் போட்டேன். சாக்கை விரித்தான், அதிலேயே மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். எட்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். "எழுந்திருடா, ஆள் வந்திருக்கிறது" என்று உலுக்கினேன்.

ஒற்றைக் கண்ணைத் திறந்தான். "மத்தியானத்துல ஆரு வந்தாலும் எங்க மாமன் கடையில எந்திரிக்க மாட்டாருங்க. பொழுது சாய வாங்க சாமி."

அஞ்சுக்கு ஏழு

அடுத்து பாவாயி உட்கார்ந்தாள். சுறுசுறுப்பு என்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு. களிமண் கத்தரிக்காய் ஐந்து கேட்டேன். ஐந்தை எண்ணி வைத்தாள். நான் வாயெல்லாம் பல்லாக நிமிர்வதற்குள் கொசுறு என்று இன்னும் இரண்டை அள்ளி என் மடியில் போட்டாள். மூன்று கேட்டால் நாலு, ஆறு கேட்டால் எட்டு. இன்ஸ்பெக்டர் கண்ணில் இது பட்டால் என் கதி என்ன? "கேட்டதை மட்டும் கொடு கண்ணு" என்று கெஞ்சினேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அஞ்சு கேட்டா அஞ்சே குடுத்தா அடுத்த வாட்டி ஆருங்க வருவாங்க?"

காளை

கோட்டும் தலைப்பாகையுமாக இன்ஸ்பெக்டர் வந்தார். அன்று கடையில் செங்கோடன், அப்பாவைப் போலவே தோளில் துண்டோடு. அவன் பிடித்துவைத்திருந்த மண் காளையை எடுத்து, "இதன் விலை என்ன?" என்றார் அவர். பதில் இல்லை. மறுபடி கேட்டார். வாயே திறக்கவில்லை. தலைமையாசிரியர் என்னை முறைத்தார். அண்ணியின் முகம் என் கண்முன் வந்து நின்றது.

செங்கோடன் பெஞ்சின்மேல் ஏறினான். துண்டை உதறி இன்ஸ்பெக்டர் கைமேல் போட்டு, தன் கையை உள்ளே விட்டான்! எங்கள் பக்கத்துச் சந்தையில் உப்புப் புளிக்கு வாயால் விலை சொல்லலாம், மாட்டுக்குக் கூடாது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம், சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக் கூடாது. இன்ஸ்பெக்டர் கண் சிவந்தது. பிறகு சுருங்கியது. பிறகு, என்ன ஆச்சரியம், அவர் விரல்களும் துண்டுக்குள் அசைந்தன. "அந்த வெலைக்குக் கட்டாதுங்க" என்று செங்கோடன் கையை உருவினான். அவர் மறுபடி இழுத்துப் பிடித்தார். மூன்று முறை இழுபறி! கடைசியில் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். காளை கோட்டுப் பைக்குள் போனது.

"பிள்ளைகளுக்கு எண் நன்றாகத் தெரிகிறது, வகுப்பு நடக்கலாம்" என்று அவர் பதிவேட்டில் எழுதினார். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. தலைமையாசிரியருக்கோ ஆவல் தாங்கவில்லை. எவ்வளவுக்கு முடிந்தது என்று கேட்டேவிட்டார்.

அதுவரை புத்தகத் தமிழ் பேசிய இன்ஸ்பெக்டர் துண்டை மடித்துச் செங்கோடன் தோளில் போட்டார். "மாட்டு வெலையை வெளிய சொல்றதுண்டுங்களா? எங்கப்பன் கேட்டா என்னைய ஊட்டுக்குள்ள சேக்க மாட்டாருங்க!"

என் வேலையைக் காப்பாற்றிய அந்த எண் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.