அப்பா எழுதிய சதுக்கம்

ஜெர்மனியில் ஏதோ ஓர் ஊரின் நடுவில் இருந்த சந்தைச் சதுக்கத்தை எங்கள் வீட்டைப் போல அறிந்த வீடு, அந்த வருஷம் நெய்வேலியில் வேறு இருந்திருக்காது. அப்போது எனக்கு ஒன்பது வயது. சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை இயக்கப் பழகுவதற்காக அப்பாவையும் இன்னும் சிலரையும் அங்கே ஒரு வருஷத்துக்கு அனுப்பியிருந்தார்கள். போவதற்கு முன் அந்த ஊர்ப் பாஷையையும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறி அதிக நாள் ஆகவில்லை. சொந்தம் என்று கூப்பிட அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை.

முதல் சில மாதங்கள் அப்பாவின் கடிதங்களில் குளிர் இருந்தது, கறுப்பு ரொட்டி இருந்தது, இயந்திரம் இருந்தது. பிறகு ஒரு நாள் இவை எல்லாம் காணாமல் போய், சதுக்கம் மட்டும் வரத் தொடங்கியது.

அம்மாவுக்கு அச்செழுத்து வாசிக்க வரும். அப்பாவின் கூட்டெழுத்து பிடிபடாது. ஆகவே வாசிப்பது என் வேலை. அந்தச் சதுக்கம் முதலில் கோட்டைச் சுவருக்கு வெளியே வைக்கோல் விற்கிற வெற்று நிலமாக இருந்ததாம். பிறகு உப்பு வண்டிகள் வந்தன. நடுவில் ஒரு கிணறு வெட்டினார்கள். அந்தக் கிணற்றடியிலேயே திருடர்களின் தலையையும் வெட்டினார்கள். யார் வீட்டு அடுப்பிலிருந்தோ கிளம்பிய தீ நான்கு பக்கத்து வீடுகளையும் தின்றது. ஒரு ராஜா குதிரைமேல் சிலையாக வந்து உட்கார்ந்தார். பின்னால் வந்த சண்டையில் பீரங்கி செய்ய அவரைக் குதிரையோடு உருக்கிவிட்டார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் சதுக்கத்தின் பெயரும் மாறியது. கடைசி யுத்தத்தில் குண்டு விழுந்து மணிக்கூண்டு மட்டும் மிஞ்சியது. பெண்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றி, சுரண்டி அடுக்க, எல்லாவற்றையும் பழையபடியே கட்டினார்களாம். இதையெல்லாம் அப்பாவுக்குச் சொன்னவர், அவர் எழுதியபடி, ‘பக்கத்தில் இருக்கும் பெரியவர்’. பெரியவரின் தகப்பனார் அந்தச் சதுக்கத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்தாராம்.

நான் கிறங்கிப்போனேன். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம் முழுக்க எனக்குக் கூட்டம் கூடியது. அம்மாவுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள், எழுந்து வாசல் கேட் வரை போவாள், எதற்குப் போனோம் என்று தெரியாதவள் போலத் திரும்பி வருவாள்.

“ஏட்டி, ஒடம்பப் பத்தி ஏதும் எழுதிருக்காவளா?”

“இல்லம்மா. குதிரைய உருக்கிட்டாங்களாம்.”

“குதிர கெடக்கட்டும். திங்கக்கெழம விடியக்காலம் பூக்காரி கட போட்டா, மத்தியானம் புறா வந்துச்சு, சாயங்காலம் வெளக்கு போட்டாங்கன்னு எழுதிருக்காவளே, அன்னைக்கு ஷிப்டு கெடையாதா?”

“லீவா இருக்கும்மா.”

“மறுநாளும் லீவாட்டி?”

எனக்கு எரிச்சலாக வந்தது. நல்ல கட்டத்தில் இப்படிக் கேள்வி கேட்டால் யார்தான் வாசிப்பார்கள்?

அடுத்து வந்த கடிதம் மிகச் சிறியது. எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ‘பெரியவர் போய்விட்டார். இனி எனக்குக் கதை சொல்ல ஆளில்லை.’ அவ்வளவுதான். பெரியவர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அம்மா கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கிவைத்தாள், புடவைகூட மாற்றவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அப்பாவுடன் போனவர்களில் ஒருவர் தாயாரின் காரியத்துக்காக முன்னதாகவே திரும்பியிருந்தார். விருத்தாசலம் பக்கத்துக்காரர். அவருடைய குவார்ட்டர்ஸ் டவுன்ஷிப்பின் மறுகோடியில் இருந்தது. கம்பெனி பஸ்ஸில் அம்மா ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எழுந்து நின்றாள். கண்டக்டர் “இன்னும் வரலீங்க, குந்துங்க” என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்.

அங்கே போனதும் என்னைப் பின்பக்கம் கோழிக்குஞ்சு பார்க்க அனுப்பிவிட்டார்கள். உள்ளே நடந்ததை அம்மா பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள்.

“நல்லாத்தாங்க இருக்காரு. வேலைக்குப் போய்கினு வந்துகினு…” என்று அவர் ஆரம்பித்தாராம்.

“எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க” என்றாளாம் அம்மா.

அதற்குப் பிறகுதான் அவர் உண்மையைச் சொன்னாராம்: “நெஞ்சுல தண்ணி கோத்துக்கினு படுத்துகினு இருக்காருங்க. நான் கெளம்பும்போதும் அப்படியேதான். வூட்ல சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு.”

“பொழச்சிக்கிடுவாவளா?”

அவர் அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர எழுந்து போய்விட்டாராம்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: “அந்தப் பெரியவரு எங்கம்மா போயிருப்பாரு?” அம்மா அவிழாத என் ரிப்பனை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலமே பதில் எழுத உட்காரவைத்தாள். “எங்களுக்கு ஒரு கொறையும் இல்லன்னு எழுது. அந்தச் சந்தைல தெனமும் என்னென்ன நடக்குன்னு ஒண்ணுவிடாம எழுதச் சொல்லு. மணி அடிச்சுதா, பூக்காரி வந்தாளா, எல்லாம் வேணும்னு எழுது.” ஒருவழியாக அம்மாவுக்கும் சரித்திரத்தில் ருசி வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதன்பிறகு அப்பாவின் கடிதம் வந்ததும் அவள் முதலில் கேட்டது தேதியைத்தான். பிறகு பூக்காரியை. ஒரு கிழமை விட்டுப்போயிருந்தாலும் அன்றைக்கு என்ன ஆயிற்று என்று தோண்டித் தோண்டிக் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்?

மழைக்காலத்தில் அப்பா வந்து சேர்ந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. வாசலில் இருந்த இரண்டு படியை ஏறிவிட்டு நின்று மூச்சு வாங்கினார். நான் அவரை உட்காரக்கூட விடவில்லை.

“அப்பா, மணிக்கூண்டுக்கு உள்ள போறதுக்கு வழி எந்தப் பக்கம்?”

“தெரியாதுளா. நான் அங்க எறங்கிப் போனதே இல்ல. மேலருந்து சன்னல்ல பாத்ததுதான்.”

அம்மா, காபி பாதி இருக்கும்போதே அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டு வேகமாக அடுக்களைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அவளுக்கும் என்னைப் போலவே கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பக்கத்தில் அத்தனை நாள் இருந்தும் ஒரு தடவைகூடக் கீழே இறங்கிப் போய்ப் பார்க்காத அப்பாவின் சோம்பேறித்தனத்தை மன்னிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.