கோப்பி மலையேறினான்

எங்கள் வீட்டில் விளக்கை யாரும் அணைத்ததில்லை. அது மலையேறும். மாலையில் ஏற்றிய காமாட்சி விளக்கைக் கொஞ்ச நேரம் கழித்து அம்மா ஒரு பூவால் ஒற்றிவிட்டு, "மலையேத்திட்டேன், சாப்பிட வாங்க" என்பார். அணைத்தேன் என்று சொன்னால் அபசகுனம். எல்லாத் தமிழ் வீடுகளிலும் உள்ள பேச்சுதான். ஆனால் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் வளர்ந்த எட்டு வயதுக்காரிக்கு மலை என்றால் தண்ணீர்மலை. கொடிமலையும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு ரயில் போகிறது. அங்கே யாரும் ஏறுவதில்லை, உட்கார்ந்து போகிறார்கள். படியேறிப் போவது முருகன் இருக்கும் தண்ணீர்மலைக்குத்தான். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால், இருட்டும் நேரத்தில் அந்த மலைமேல் விளக்குகள் தெரியும். எங்கள் வீட்டு விளக்கு பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் கேட்டுச் சரிபார்த்ததில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது?

கோப்பி எங்கள் நாய். பால் கலக்காத கோப்பியின் நிறம், அதனால் அந்தப் பெயர். அப்பா கல்யாணத்துக்கு முன்பே அவனைப் புக்கிட் தெங்காவில், தான் வேலை செய்த தொழிற்சாலை வாசலில் குட்டியாகக் கண்டெடுத்து, சட்டைக்குள் வைத்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிக் கொண்டுவந்தார். ஆக, அந்த வீட்டில் அவன் எனக்கு மூத்தவன். உனக்கும் மூத்தவன் என்று அப்பா அம்மாவைச் சீண்டுவார். அம்மாவுக்குச் சிரிப்பு வராது. நாய் முடி, நாய் வாடை என்று நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே அவனுக்கென்று தனியாக உப்புப் போடாமல் கோழி வேகவைப்பதும் அம்மாதான்.

அவனுக்குப் பட்டாசு என்றால் நடுக்கம். தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் என் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வான். நானும் உள்ளே நுழைந்து அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படுத்திருப்பேன். எனக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாரும் கிடையாது. எல்லாம் அவன்தான்.

அந்த ஆண்டு அவன் சோற்றை மோந்துவிட்டு விலகிப் போகத் தொடங்கினான். பின்னங்கால்கள் இழுத்தன. தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் பள்ளி முடிந்து வேனிலிருந்து இறங்கியபோது கேட்டருகில் அவன் இல்லை. வாசலில் அவன் படுக்கும் சாக்கைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள்.

"கோப்பி எங்கம்மா?"

அம்மா என் பையை வாங்கிக்கொண்டார். "கோப்பி மலையேறிட்டான்மா" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் அல்லவா? அதைச் சொன்னதும் அம்மா அடுப்பங்கரைக்குள் போனார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு என் கவலையெல்லாம் அவன் அங்கே எப்படி இருக்கிறான் என்பதுதான். இழுக்கிற காலோடு அத்தனை படி ஏறியிருக்கிறான் என்றால் கால் சரியாகியிருக்க வேண்டும். அங்கே சங்கிலி இருக்காது. கோவிலில் பொங்கல் கொடுப்பார்கள், கோழி கிடைக்காது. ஒன்றுதான் உதைத்தது. கோப்பி எங்கே கோழியைக் கண்டாலும் விரட்டுவான். முருகனிடமோ மயில் இருக்கிறது. வேலும் கையுமாக இருக்கிறவரிடம் போய் இவன் வாலாட்டினால் என்ன ஆகும்? இதை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"கோப்பியப் பார்க்கணும்" என்று அப்பாவை அரித்து எடுத்தேன். ஒரு வாரம் தட்டிக்கழித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாகவே மோட்டாரை வெளியே எடுத்தார். அம்மா வாசலுக்கு வந்து, "வேணாங்க, உள்ளத சொல்லிடுங்க" என்று தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. "போயிட்டு வந்து பார்ப்போம்லா" என்றார் அப்பா.

என் கையில் ஒரு பொட்டலம் ரொட்டி. மலைப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று "கோப்பி" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். படியேறுவதை உடற்பயிற்சியாகச் செய்துகொண்டிருந்த ஒரு சீன ஆண்டி என்னிடம் மலாயில், எதைத் தேடுகிறாய் என்று கேட்டார். என் நாயை என்றேன். அப்பா அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். ஆண்டி என் தலையில் கை வைத்துவிட்டு எங்களோடு ஏறினார்.

"அப்பா, அவன் மயில விரட்டினா முருகன் அடிப்பாரா?"

"கோப்பி சொன்னா கேப்பான் பாப்பா. அடிக்கமாட்டாரு."

மேலே ஒரு நாய் இருந்தது. வெள்ளை. என் ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது. சந்நிதியைச் சுற்றினேன், செருப்பு விடும் இடத்தில் பார்த்தேன், பின்பக்கக் குழாயடியில் பார்த்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனது. கோப்பி என்று ஒரு தடவை கூப்பிட்டால் எங்கிருந்தாலும் வந்து நிற்கிறவன் அவன்.

இறங்கும்போது பாதி வழியில் என் மனம் மாறிவிட்டது. "அவனுக்கு நம்மளப் பிடிக்கல. அதான் வரல. இனிமே எனக்கு அவன் வேணாம்" என்றேன்.

அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவனச் சொல்லாத பாப்பா. அவனாப் போகல. நான்தான் கொண்டுபோய் விட்டேன்."

கொண்டுபோய் விடுவது என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பூனைக்குட்டிகளைப் பெட்டியில் போட்டுப் பசாரில் கொண்டுபோய் விட்டவர். அன்று அப்பாதான் வேலியோரம் நின்று, "வளர்க்க முடியலன்னா எதுக்குலா வச்சிருக்கீங்க?" என்று அவரைக் காய்ச்சி எடுத்தார். அதே அப்பா, நடக்க முடியாத கோப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, தெரிந்தவர் யாருமில்லாத மலையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் புரிந்துகொண்டது இதைத்தான். அதன்பின் மாதக்கணக்கில் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்தாலும் அவர் இடுப்பைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். அம்மா சில தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அப்பா கண்ணைக் காட்டித் தடுத்துவிட்டார். கோப்பி எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று நான் நம்பினால் அவருக்குப் போதும் போலிருந்தது. அதற்கு விலையாக என் வெறுப்பைச் சம்பளம் மாதிரி மாதாமாதம் வாங்கிக்கொண்டார்.

பதின்மூன்று வயதில் நான் படிவம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாதான் சொன்னார். கோப்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிருந்ததாம். அன்று காலையில் நான் பள்ளிக்குப் போனபின் வலி தாங்காமல் ஊளையிட்டிருக்கிறான். அப்பா வேலைக்குப் போகாமல் அவனைத் துண்டில் சுற்றி மிருக மருத்துவரிடம் எடுத்துப் போயிருக்கிறார். இனி ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் அவனுக்கு நல்லது என்று மருத்துவர் சொல்ல, அப்பா தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முடியும்வரை அவன் தலை அப்பாவின் மடியில் இருந்ததாம். அப்பாவைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே போனானாம்.

அன்று அந்தப் படியில் எனக்கு இதெல்லாம் தெரியாது.

"போய்க் கூட்டிட்டு வாங்க" என்றேன். "இப்பவே."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதட்டியிருக்கலாம். அப்பா என்னையே பார்த்தார். "சரி பாப்பா" என்று எழுந்தார். எங்கள் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த சீன ஆண்டியிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் மேலே ஏறினார்.

நெடுநேரம் ஆயிற்று. ஆண்டி கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தேன். அப்பா இறங்கி வந்தபோது முகமும் சட்டையின் கழுத்துப் பட்டையும் நனைந்திருந்தன. கண் சிவந்திருந்தது.

"தேடிட்டேன் பாப்பா. இல்ல."

ஆண்டி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இடுப்புப் பையிலிருந்து டிஷ்யூப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். அத்தனை படி ஏறி இறங்கினால் வியர்க்கத்தான் செய்யும், நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டு, அப்பா நீட்டிய கையைப் பிடிக்காமல் நான் முன்னால் இறங்கினேன்.