ஞானத்தகப்பன் மாறின கதை

நண்டு விற்கிறவள் பொய் சொல்லாமல் பிழைக்க ஏலாது என்பது சிசிலியாவின் கட்சி. நேற்றுப் பின்னேரம் வந்த நண்டை இன்று விடியப் பிடித்ததென்பாள். கோது மட்டும் கனக்கிற நண்டைத் தட்டிப் பார்த்து, "சதையாலை வெடிக்கப் போகுது, கொண்டு போங்கோ" என்பாள். குருநகரில் அதையெல்லாம் ஒருவரும் பாவத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் பங்குச் சுவாமியின் அறைவீட்டு விறாந்தையில் நின்று, தன் சொந்தத் தம்பியைப் பற்றி அவள் சொன்ன பொய் அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

"பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்கு எமில்ராஜ் ஞானத்தகப்பனா நிக்கிறது சரிவராது சுவாமி."

"ஏன் பிள்ளை? உங்கடை பேரனைத் தூக்கத்தானே அவன் லண்டனிலையிருந்து வந்தவன்?"

"அங்கை ஒருத்தியோடை இருக்கிறான். கோயில்லை கலியாணம் முடிக்கேல்லை."

லண்டனில் எமில்ராஜோடு ஒரே அறையில் இருந்தது மன்னார்ப் பெடியன் ஒருவனும் அவனுடைய கறித்தூள் வாளியும்தான். சுவாமி பெருமூச்சு விட்டார். "அப்ப வேறை ஆள் பாப்பம்" என்றார். அவ்வளவு சுகமாக முடிந்துவிட்டது. படியிறங்கும்போது அவளுக்குக் காது இரண்டும் சுட்டன.

எமில்ராஜைப் பெற்ற கையோடு தாய் மக்டலீன் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது சிசிலியா பத்து வயதுப் பெட்டை. பக்கத்து வீட்டு ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து அவன் வாயில் வைத்தவள் அவள்தான். சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு ஓடிய மழைநாளில், நாவற்குழிப் பாலத்து நெரிசலில், நடக்கத் தெரிந்த பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவளும் அவள்தான். சிமியோனைக் கலியாணம் முடித்து வந்தபோதும் சீதனம் மாதிரித் தம்பியும் கூடவே வந்தான். சிமியோன் கடலுக்குப் போகிற மனுசன். அதிகம் கதைக்க மாட்டார். "கிடக்கட்டும், வலையிழுக்க ஒரு கை" என்றதோடு சரி.

அவன் லண்டனுக்குப் போனான். ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிற வேலை. ஒவ்வொரு ஞாயிறும் அக்காவோடு கதைப்பான். அவளுடைய ஒரே மகள் லவீனாவுக்குப் பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே, "ஞானத்தகப்பன் நான்தான், வேறை ஆரையும் கேட்டால் தெரியும்" என்று பிடித்துக்கொண்டான். சொன்னபடி வந்தும் இறங்கினான்.

வந்த கிழமையே பங்கு இளைஞர்கள் இரத்ததான முகாம் வைத்தார்கள். கடலில் போய்த் திரும்பாத பெடியளின் நினைவாக வருடாவருடம் வைப்பது. மைக்கைப் பிடித்திருந்த அருட்செல்வனுக்கு வாய் சும்மா கிடக்காது. "லண்டனிலையிருந்து வந்திருக்கிற எங்கடை எமில்ராஜ் அண்ணை இப்ப இரத்தம் குடுக்க வாறார்!" என்று அறிவித்துவிட்டான். சனம் திரும்பிப் பார்த்தது. எமில்ராஜ் கதிரையை விட்டு அசையவில்லை.

"அக்கா, என்னைக் குடுக்க வேண்டாமெண்டு அங்கை சொன்னவை."

"ஆர் சொன்னது? ஊசிக்குப் பயத்திலை உளறாதை. எழும்படா, சனம் பாக்குது."

"அது கன வருசத்துக்கு முந்தித்தான். இப்ப போயிருக்குமோ தெரியாது…" என்று இழுத்தான்.

அவள் அவனுடைய தோளில் கைவைத்துத் தள்ளினாள். மைக்கில் பேர் சொன்ன பிறகு போகாமல் இருந்தால் குருநகரில் பத்து வருடத்துக்குப் பகிடியாக ஓடும். அவன் எழுந்து போனான்.

சில நாட்களில் இரத்த வங்கியிலிருந்து சிசிலியாவின் போனுக்குத்தான் அழைப்பு வந்தது. அவனிடம் உள்ளூர் நம்பர் இருக்கவில்லை. அவனை வரச்சொன்னார்களே தவிர எதற்கென்று சொல்லவில்லை. போய்வந்தவன் குசினி வாசலில் நின்றான். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பயப்பிடாமல் கேள். என்ரை இரத்தத்திலை எச்.ஐ.வி. எண்டு காட்டுதாம். ஆனால் எனக்கு அந்த வருத்தம் இல்லை."

அவளுடைய கை நின்றுவிட்டது. அவன் சொல்லிக்கொண்டே போனான். அந்த நோயைத் தடுக்க ஒரு தடுப்பூசி கண்டுபிடிக்கப் பார்க்கிறார்களாம். நோயில்லாத சுகதேகிகளுக்குப் போட்டுத்தான் முதலில் பரிசோதிப்பார்களாம். அவன் வேலைசெய்த ஆஸ்பத்திரியில் ஆள் கேட்டபோது கையை நீட்டினானாம்.

"உனக்கென்ன விசரோ? ஏன் நீட்டினனி?"

"ஆரோ நீட்டத்தானே வேணும் அக்கா. எங்கடை வாட்டிலை அந்த வருத்தத்தோடை ஒரு மனுசன் இருந்தவர். செத்த பிறகும் அவரைப் பாக்க ஒருத்தரும் வரேல்லை. நான்தான் தள்ளிக்கொண்டு போனனான்."

"அப்ப அந்தக் கிருமியைத்தானே உனக்குள்ளை விட்டவங்கள்?"

"ஊசியிலை கிருமியே இல்லை. கள்ளன் வரேல்லை அக்கா. கள்ளன் வந்தால் குரைக்கச் சொல்லி என்ரை உடம்புக்குள்ளை ஒரு நாயைப் பழக்கினவை. உவையின்ரை ரெஸ்ற் நாய் குரைக்கிறதைத்தான் கேக்குது. கிருமியையே தேடுற ரெஸ்ற் ஒண்டு இருக்கு, அதுக்கும் இரத்தம் எடுத்தவை. மறுமொழி வரச் சுணங்கும்."

எல்லாம் அவளுக்கு விளங்கியது. விளங்கியும், அன்று மத்தியானம் அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையைப் புறம்பாக வைத்தாள். அவன் குடித்த பேணிக்குக் கொதிதண்ணி ஊற்றினாள். அவன் தலை துவட்டிய துவாயைத் தனிக்கொடியில் போட்டாள். லவீனா பிள்ளையைக் கொண்டுவந்தால், "மாமாவுக்குத் தடிமனடி, கிட்டக் கொண்டுபோகாதை" என்றாள்.

"என்ன தடிமன், நாலைஞ்சு கிழமையாவோ? லண்டன் மூக்கு எங்கடை வெயிலுக்குச் சரிவராதாக்கும்" என்று லவீனா சிரித்தாள்.

எமில்ராஜ் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மற்றப் பக்கம் திரும்பி இரண்டுதரம் இருமினான். அவளுக்காகத்தான் இருமினான். அதைப் பார்த்தும் அவள் மாறவில்லை. ஞானஸ்நானம் நெருங்க, கோவில் தொட்டியடியில் அவன் பிள்ளையை ஏந்தி நிற்பதை நினைத்துப் பார்த்தாள். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு அறைவீட்டுக்குப் போனாள்.

மறுநாள் எமில்ராஜ் வெயிலில் நடந்து வந்தான். முற்றத்தில் அவள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"சுவாமி றோட்டிலை மறிச்சுக் கதைச்சவர்."

அவள் நிமிரவில்லை.

"அந்தப் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வந்து கோயில்லை முடி தம்பி எண்டு புத்தி சொன்னவர்."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் சுவாமி, பாப்பம் எண்டன்."

கருவாட்டை அவள் இன்னொருதரம் புரட்டினாள். புரட்டினதையே திரும்பவும் புரட்டுவது அவளுக்குத் தெரிந்தது. அவன் ஏசியிருந்தால் அவளும் திருப்பி ஏசியிருப்பாள். அவனோ கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினான்.

மறுமொழி வந்த அன்று கிளினிக்குக்கு அவளும் போனாள். டொக்டர் ஒரு இளம்பெண், பொறுமையாகச் சொன்னாள். கிருமி இல்லவே இல்லையாம். பழைய தடுப்பூசியின் அடையாளத்தைத்தான் முதல் ரெஸ்ற் பிடித்திருக்கிறதாம். இனி இரத்தம் மட்டும் கொடுக்க வேண்டாமாம்.

சிசிலியாவுக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்ததும் நண்டுக்கறி வைத்தாள். எல்லாக் கோப்பைகளையும் ஒன்றாக அடுக்கினாள். அவனுடையதைத் தேடி எடுத்து நடுவில் வைத்தாள்.

"இனிப் பயமில்லை. நான் சுவாமியிட்டைப் போய்ச் சொல்லுறன். நீயே பிள்ளையைத் தூக்கு."

எமில்ராஜ் நண்டுக்காலைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

"எனக்கு இருந்திருந்தால் அக்கா?"

"என்ன?"

"வருத்தம் உண்மையா இருந்திருந்தாலும் பிள்ளையைத் தூக்கலாம். ஒரு கோப்பையிலை தின்னலாம். இண்டைக்கு அந்த டொக்டர் பிள்ளை அதையும் சொன்னவ. நீ கேக்கேல்லை."

உண்மைதான், அவள் கேட்கவில்லை. ‘இல்லை’ என்ற சொல்லுக்குப் பிறகு அவள் ஒன்றையும் சரியாகக் காதில் வாங்கவில்லை. குழம்புச் சட்டிக்குள் அகப்பையை விட்டு வீணாகக் கிண்டினாள். கொஞ்ச நேரத்துக்கு முந்தி அழுத கண்ணீர்கூட இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் அறைவீட்டு விறாந்தையில் திரும்பவும் நின்றாள்.

"தம்பியைப் பற்றி நான் சொன்னது பொய் சுவாமி."

"அவனும் ஓமெண்டவனே?"

"என்னைக் காட்டிக்குடுக்காமல் விட்டவன்."

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீர்?"

வருத்தத்தின் பேரை நாக்கு நுனிவரை கொண்டுவந்தாள். சொன்னால் அது அவனுடைய கதை, அவளுடையதல்ல. சொல்லாவிட்டால், காரணமில்லாமல் தம்பியின் பேரைக் கெடுத்தவளாக நிற்கவேண்டும். "பயத்திலை சுவாமி" என்றாள். அவர் துருவவில்லை. எமில்ராஜே நிற்கலாம் என்றார்.

ஆனால் எமில்ராஜ் மறுத்துவிட்டான். லவீனாவின் புருசன் ஜெயசுதனுடைய தம்பி றஜிந்தனுக்கு ஏற்கனவே சொல்லியாகிவிட்டது.

"அவன்ரை மனுசி சீலையும் எடுத்திட்டாள். கடைசி நேரத்திலை அவனை விலத்தினால் அவன் எங்கை போய் முகத்தைக் காட்டுறது? விடு அக்கா."

"மாமா, பிறகு ஏன் வந்தனீங்கள்?" என்று லவீனா சினந்தாள். கோவிலில் இரண்டொரு பெண்கள் எமில்ராஜைப் பார்த்து முந்தானைக்குள் கதைத்தார்கள். லண்டன் பொம்பிளையின் கதை எப்படியோ வெளியே வந்துவிட்டது. அதைச் சிசிலியா யாரிடமும் போய் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மைக் காரணத்தைக் கேட்பார்கள்.

தொட்டியடியில் றஜிந்தன் பிள்ளையை ஏந்தி நின்றான். எமில்ராஜ் பின்வரிசை வாங்கில் ஒன்றில் ஏறி நின்று போனில் படமெடுத்தான். தண்ணீர் பட்டதும் பிள்ளை வீரிட்டது. சனம் சிரித்தது.

வெளியே வந்ததும் லவீனாவின் சீலைத் தலைப்பு கதவுக் கொளுக்கியில் மாட்டிக்கொண்டது. "இந்தாங்கோ மாமா, பிடியுங்கோ ஒருக்கா" என்று பிள்ளையை அருகில் நின்ற எமில்ராஜிடம் நீட்டினாள். அவன் இரண்டு கைகளையும் விரித்தான்.

சிசிலியாவின் கையும் நீண்டுவிட்டது. அவள் நீட்ட நினைக்கவில்லை. பிள்ளையை இடையில் பிடுங்க அது தானாகவே போயிருந்தது. எமில்ராஜ் அந்தக் கையைப் பார்த்தான். உடனே அவள் அதைத் திருப்பிப் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்வதுபோல் தடவினாள்.

"தொப்பி சரியாத்தான் கிடக்கு அக்கா" என்றான் அவன், பிள்ளையை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு.