சாயம் போகாத ஜாடி

திருப்பூர் வீரபாண்டிப் பக்கம், பனியன் துணிக்குச் சாயம் போடும் ஒரு டையிங் யூனிட்டில் லேப் இன்சார்ஜாக இருக்கும் திருமூர்த்திக்கு, எதைப் பார்த்தாலும் ஷேடுதான் கண்ணில் படும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளையின் வேட்டிக் கரையும் துண்டுக் கரையும் ஒன்றாகச் சாயம் போட்ட ஒரே லாட் இல்லை என்று சொல்லக்கூடிய ஆள். அப்படிப்பட்டவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் மண்பாண்டப் பைத்தியம் பிடித்தது. கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்வந்தார். வீட்டின் பின்னால் தகரக் கொட்டகையில், கரண்டில் ஓடும் சின்னச் சூளை ஒன்று வந்து உட்கார்ந்தது.

மண்ணை வனைவது சீக்கிரமே கைவந்துவிட்டது. படுத்தி எடுத்தது மேலே பூசும் கிளேஸ்தான். சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படிய வேண்டிய அந்தப் பூச்சு, முதலில் ஊசி குத்தினாற்போல் துளைதுளையாக வந்தது. அடுத்த தடவை அங்கங்கே சுருண்டு ஒதுங்கிக்கொள்ள, நடுவில் மண் பல்லிளித்தது. பாத்திரத்துத் தூசியைத் துடைக்காமல் பூசியதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். துடைத்துவிட்டுப் பூசினால், வழிந்து ஓடிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது. அதை உளியால் தட்டிப் பெயர்க்கும் சத்தம் கேட்டால் மனைவி தெய்வாத்தாள், “இன்னிக்கும் ரீ-டையிங்குங்களா?” என்று அடுப்படியிலிருந்து கேட்பாள்.

அவர் ஆசைப்பட்டது வாழையிலைப் பச்சைக்கு. அது வெளிறியே வந்தது. லேபில் ஷேடு வெளிறினால் என்ன செய்வாரோ அதையே இங்கும் செய்தார். நிறம் கொடுக்கும் செம்புத் தூளைக் கூட்டினார், கூட்டிக்கொண்டே போனார். வழிந்து ஓடுவதை நிறுத்தச் சூட்டைக் குறைத்தார். கடைசியில் ஒரு ஜாடி வந்தது பாருங்கள், துளை இல்லை, சுருக்கம் இல்லை, பச்சையென்றால் அப்படியொரு பச்சை. செம்பு அளவுக்கு மீறிவிட்டது, பூச்சு முழுதாக உருகவே இல்லை என்பதெல்லாம் அந்த அழகில் மறைந்துபோயிற்று.

சோதிக்காமல் விடுகிற ஆள் இல்லை அவர். பனியன் துணிக்குச் செய்வதைப் போலவே, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார், ஒட்டவில்லை. சுடுசோப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. துணிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. வியர்வைபோலப் புளிப்பான ஒரு கரைசலில் நனைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஜாடிக்கு எங்கே வியர்க்கப்போகிறது என்று அதை விட்டுவிட்டார். பாஸ் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஜாடி பரணில் கிடந்தால் யார் பார்ப்பார்கள்? பின்னால் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் முத்துப்பேச்சி குடியிருந்தாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரி, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், தனி ஆள். அவள் எலுமிச்சை ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஊறுகாய்க்கு ஜாடிதான் பொருத்தம் என்று அவராகவே கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் கேட்கவில்லை. பார்த்துப் பாராட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது அவருக்கு, அவ்வளவுதான். அவளும் குறை வைக்கவில்லை, லைன் வீடு முழுக்கக் காட்டினாள்.

கொஞ்ச நாளில் அவளுக்கு வயிற்றைப் புரட்டத் தொடங்கியது. டாக்டர் கேஸ் டிரபிள் என்று மாத்திரை கொடுத்தார். முத்துப்பேச்சிக்கு அதில் நம்பிக்கை இல்லை.

“இந்த ஊருத் தண்ணி எனக்கு ஒத்துக்கிடல அண்ணாச்சி. எல்லாம் சாயத் தண்ணி” என்றாள்.

திருமூர்த்திக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. திருப்பூரில் யாருக்குத் தும்மல் வந்தாலும் சாயப்பட்டறைதான் காரணமா என்று பொரிந்து தள்ளினார். தங்கள் யூனிட்டில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் முறையை நின்ற இடத்திலேயே விளக்கினார். குற்றம் ஹோட்டல் பிரியாணியின் மேல்தான் என்று தீர்ப்பும் சொன்னார். வெளிச்சாப்பாட்டை விட்டுவிட்டுப் பேசாமல் கஞ்சி குடிக்கச் சொன்னார். அவளும் சரியென்று தலையாட்டினாள். ஆனால் புரட்டல் நிற்கவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடுவதென்று முடிவு செய்தாள்.

அவள் கிளம்புவதாக இருந்த வாரம், லேபில் ஒரு பச்சைத் துணி வியர்வைச் சோதனையில் தோற்றது. தேய்த்தபோது ஒட்டவில்லை, துவைத்தபோது இறங்கவில்லை, புளிப்புக் கரைசலில் மட்டும் கூடச் சேர்த்துவைத்த வெள்ளைத் துணியெல்லாம் பச்சை. அதைக் கையில் பிடித்தபடி நின்றவருக்கு எலுமிச்சை ஊறுகாய் ஞாபகம் வந்தது.

லாட்டுக்கு ஒரு துணித்துண்டு எடுத்துவைக்கிற பழக்கத்தில், சூளை வைக்கிறபோதெல்லாம் அதே பூச்சுப் பூசிய மண் சில்லு ஒன்றையும் கூடவே சுட்டு எடுத்துவைப்பார். அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்து, ஜாடியோடு வெந்த சில்லின் மேல் அரை எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால், பழம் இருந்த இடம் வட்டமாக வெளிறியிருந்தது. பழத்தின் சதையில் பச்சை ஏறியிருந்தது.

உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடத்தான் செய்தார், ஆனால் வாசலில் நின்றதும் வாய் வேறு பேசியது. மூடி சரியாக உட்காரவில்லை, கொடுத்தால் சரிசெய்து தருகிறேன் என்றார். அவள் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ் ஏறுகிறாளாம், ஜாடியை ஊறுகாயோடு சேலைக்குள் சுற்றிவைத்தாயிற்றாம். இந்த ஊரில் தனக்குக் கிடைத்த நல்ல பொருள் அது ஒன்றுதான், ஊரில் தங்கச்சிக்குக் காட்ட வேண்டும் என்றாள். திருமூர்த்தி சரியென்று திரும்பிவிட்டார். கொட்டகையில் வந்து உட்கார்ந்தபோது, தன்னைப்போல் ஒரு கோழையை அவர் எங்கும் பார்த்ததில்லை. தங்கச்சியும் அந்த ஊறுகாயைத் தொட்டுக்கொள்வாள் என்று தோன்றியதும் எழுந்தார். எழுந்த வேகத்தில் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மிணி, தண்ணி மேல தப்பு இல்லீங்க. அந்த ஜாடிதானுங்க. பச்சைக்குப் போட்ட செம்பு ஊறுகாய்ல எறங்கியிருக்குது. ஒழுங்காப் பாக்காம உங்களுக்குக் குடுத்துப்போட்டேன். ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போறனுங்க, வாங்க.”

முத்துப்பேச்சி பையை இறக்கி, சேலையைப் பிரித்து, ஜாடியைத் திறந்து பார்த்தாள். ஊறுகாய் நின்ற உயரம்வரை உள்சுவர் வெளிறியிருந்தது. அது உப்புப் பூத்தது என்று நினைத்திருந்தாளாம். திட்டுவாள் என்று திருமூர்த்தி காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அவள் ஜாடியை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்க சொன்னதுலருந்து மூணு வேளையும் கஞ்சிதான் அண்ணாச்சி. இந்த ஊறுகாயைத்தான் தொட்டுக்கிட்டேன்.”