மாமா அனுப்பாத அறிவித்தல்

மாமா கொப்பியோடு பஜாரில் இறங்கினாலே பேக்கரி முதலாளி கேட்பார்: "செகரட்டரி, இன்னைக்கி யாரு போனது?" "யாரும் போகல்ல முதலாளி, பாண் வாங்க வந்தேன்" என்பார் மாமா. புளத்கொகுபிட்டிய பஜாரின் வர்த்தகர் சங்கத்துக்கு அவர் பல வருடம் செயலாளர். அங்கத்தவர் வீட்டில் சாவு என்றால், பிரேதம் பஜாரைக் கடக்கும் நேரத்தை அந்தக் கொப்பியில் எழுதி, கடை கடையாகக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். அந்த நேரத்துக்கு எல்லாக் கடையும் ஷட்டரை இறக்கும். தோட்டத்து ஆட்களுக்கும் அந்த மரியாதை வேண்டுமென்று கூட்டத்தில் எழுந்து கேட்டவரும் அவர்தான். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, சாமான் கடை போட்டவர். "நம்மகிட்ட அரிசி வாங்குறதே அவங்கதாங்க. அவங்க கடைசியாப் போறப்ப பத்து நிமிசம் யாவாரம் நின்னா என்ன கொறஞ்சிரும்?" என்றாராம். அதன்பின் கொழுந்து பறித்தவர்களுக்கும் ரப்பர் பால் வெட்டியவர்களுக்கும் பஜார் மூடியது.

அவருக்கு முழங்கால் வீங்கிய சமயம் நான் பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தேன். எதையும் உடனே மாற்றிவிடத் துடிக்கிறவன் நான். அறிவித்தலை அனுப்ப, கடைக்காரர் எல்லாரையும் சேர்த்து அவர் போனிலேயே வட்ஸ்அப் குழு தொடங்கினேன். முதலாளிமார் காலை வணக்கப் பூக்களாக அனுப்பிக் குவித்ததும், மாமா மட்டுமே எழுதலாம் என்று மாற்றி வைத்தேன். "ஒரே அமுக்கு மாமா, எல்லாருக்கும் போயிரும்." "போயிரும் சரி. மூஞ்சியப் பாக்க மாட்டோமேடா" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருடம் மழை தொடங்கிய வாரம், மாமா கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பந்தல், வெள்ளைக் கொடி, பெட்டி என்று எல்லாவற்றுக்கும் ஓடினேன். ஆஸ்பத்திரியில் தந்த பையில், அவருடைய சட்டைக்குள் போன் கிடந்தது. தூக்கும் நேரத்தை அதிலிருந்து யாராவது அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஜாருக்குள் திரும்பினோம். ஒரு கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் ரேடியோ பாடியது. முதலாளிமார் பதறி எழுந்து வாசலுக்கு வந்தார்கள். ஒரு ஷட்டரும் இறங்கியிருக்கவில்லை. பேக்கரி முதலாளி மாவுக் கையோடு ஓடிவந்து என் பக்கத்தில் நடந்தார். "ஐயோ புத்தே, மகனே, நேரம் சொல்லல்லியே! காலையில இருந்து எல்லாரும் போனத்தான் பாத்துட்டு இருந்தோம்."

பஜார் முடிந்து, பெட்டி தோட்டத்துப் பாதையில் ஏறிய பிறகுதான், கீழே ஒவ்வொரு ஷட்டராக இழுபடும் சத்தம் கேட்டது. நான் நின்றுவிட்டேன். இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை, அவரை அந்தத் தெருவால் கொண்டுபோக வேண்டும் போலிருந்தது.

"நட தம்பி" என்றார் பின்னால் தோள் கொடுத்தவர். "பெட்டியத் திருப்பக் கூடாது."

நடந்தேன்.