ஒழுகாத தொட்டிகள்

சண்டைக்காலத்தில் மதுரையில் புது இரும்பு கண்ணில் படுவதே அபூர்வம். ஆகவே நான் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்த நூல் மில்லில், செப்பனிட்ட பழைய தொட்டிகளையே வாங்குவது என்று முடிவாயிற்று. அடியில் கதவு வைத்த எஃகுத் தொட்டிகள். நிலக்கரியை நிரப்பி, சங்கிலியில் தூக்கிப் பாய்லர் பக்கம் கொண்டுபோய்க் கொண்டியை இழுத்தால், அடி திறந்து கரி தானே கொட்டிவிடும். அதன்பிறகு கரிக்கூடை சுமக்கும் பெண்கள் தேவையில்லை. மானேஜர் இதைச் சந்தோஷமாகவே சொன்னார்.

கோச்சடைப் பக்கமிருந்து வரும் கூடைக்காரி ஒருத்தி ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள்.

"தொட்டி வந்துட்டா எங்கள நிப்பாட்டிருவாகளாய்யா?"

அது என் இலாகா இல்லை என்றேன். யார் எது கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

காளவாசல் தாண்டி ஒரு பழைய இரும்புக்காரர் அத்தகைய தொட்டிகளை வைத்திருந்தார். துருவைச் சுரண்டி, ஒடுக்கெடுத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார். எங்கள் வீட்டில் குடமோ அண்டாவோ, தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் கடையை விட்டு எடுத்ததில்லை. இதிலும் ஊற்றச் சொன்னேன். ஊற்றிய வேகத்திலேயே அடிவழியாகப் போய்விட்டது.

அடி திறக்கிற தொட்டி ஒழுகத்தான் செய்யும் என்றார் அவர். என்னை ஏமாளி என்று நினைத்துவிட்டாரே என்று எனக்குச் சுர்ரென்று வந்தது.

"ஒழுகுற பாத்திரத்த எவன் காசு குடுத்து வாங்குவான்?"

அவர் என்னை அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம் எல்லாத் தொட்டியிலும் தண்ணீர் தளும்பி நின்றது. எனக்குப் பரம திருப்தி. கொண்டியை இழுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், தண்ணீர் வீணாகுமே என்று விட்டிருப்பேன்.

மில்லில் முதல் தொட்டியைக் கரியோடு தூக்கிக் கொண்டியை இழுத்தார்கள். கரி வரவில்லை. ஆட்கள் தொங்கிப் பார்த்தும் வரவில்லை. குனிந்து பார்த்தால், கதவைச் சுற்றிலும் பற்றவைத்து அடைத்திருந்தது. மானேஜர் என்னை அழைத்து, நான் எதுவரை படித்திருக்கிறேன் என்று விசாரித்தார். பிரித்தால் அடித்தகடே கையோடு வந்துவிடும், மாற்றுத் தகடு சண்டை முடிந்த பிறகுதான் என்று இரும்புக்காரர் சொல்லியனுப்பினார்.

ஆகவே கூடைகளே தொடர்ந்தன. தொட்டிகளைக் கரிக்கொட்டகைக்குப் பின்னால் தள்ளினார்கள். அந்தப் பெண்கள் அவற்றில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து நிரப்பிக்கொண்டார்கள். மில் குழாயைத் தொட அவர்களுக்கு அனுமதி இல்லாததால், அதுவரை கரி பூசிய முகத்தோடுதான் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். ஸ்டோர் வாசலில் வந்து கேட்டவள், தொட்டியில் தண்ணீர் மொண்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் வேல உண்டுல்லய்யா?"

உண்டு என்றேன். கரி போன முகத்தோடு அவள் நிமிர்ந்தாள். இத்தனை வருஷமும் அவளை நான் 'ஏ கிழவி' என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அவளுக்கு என் தங்கச்சி வயதுகூட இருக்காது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன்பிறகு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல், அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன்.