புதுப்பிக்காதவர்கள்

அலுவலகத்தில் அவருக்கு 'வளர்ச்சி' என்று பெயர். எதிரில் 'வளர்ச்சி சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் 'வளர்ச்சி'. அரசு ஆலைகள் தனியார் கைக்கு மாறிய காலத்தில் அந்த மாற்றத்தையே தன் துறையாக்கிக்கொண்ட பொருளாதார நிபுணர். ஒரே ஓர் ஆய்வு அவரைத் தூக்கிவிட்டது. நூற்பாலை மூடியதில் வேலையிழந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஓராண்டுக்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்றது அது. பதவி, விமானப் பயணம், மாலை மரியாதை எல்லாம் அந்த எட்டுப் பேர் புண்ணியம்.

இப்போது ரயில்பெட்டிப் பட்டறையை மூடப்போகிறார்கள். அதற்கு முன்னால் அவருடைய ஆய்வு மறுபதிப்பாக வரவேண்டும், முன்னுரையில் அவர் கையெழுத்து வேண்டும் என்றார் இயக்குநர். ஈரக் கம்பள வாடை அடிக்கும் அறையில் நிபுணர் அச்சுப்பிரதியைப் புரட்டினார். அடிக்குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது: 'வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்காதவர், வேலை பெற்றவராகக் கொள்ளப்பட்டார்.'

தானே எழுதியது.

நேரே அக்கா வீட்டுக்குப் போனார். அவள் வேலைக்குப் போயிருந்தாள். அத்தான் மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர் அவர்.

"அத்தான், ஆலை மூடினப்புறம் நீங்க பதிவு பண்ணீங்கல்ல?"

"என்ன மாப்ள, இத்தனை வருஷம் கழிச்சு அக்கறை பொத்துக்கிட்டு வருது? ஆறு மாசம் போனேன். அப்புறம் நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பசங்க எல்லாம் எனக்கு முன்னால வரிசையில நிக்கிறானுங்க. 'மேஸ்திரி, நீங்க முன்னாடி போங்க'ன்னு வழி வேற விடுறானுங்க. கூசிப்போச்சு."

நிபுணர் தயங்கித் தயங்கி அடிக்குறிப்பைச் சொன்னார். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப உன் புத்தகத்துல நான் வேலையில இருக்கேன்! அடப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குளிச்சிட்டுக் கிளம்பியிருப்பேனே!"

அந்தச் சிரிப்புக்குப் பதில் அத்தான் முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

மறுநாள் இயக்குநரிடம், எட்டுப் பேர் என்பதே பொய், முன்னுரை எழுத மாட்டேன் என்றார் அவர். இயக்குநர் பல்லிடுக்கில் மாட்டிய பிஸ்கட்டை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார்.

"அடிக்குறிப்பை எல்லாம் யார் சார் படிக்கிறா? உங்க பேர் வேண்டாம்னா எடுத்துடலாம். அந்தக் கணக்கு முறைதான் எல்லாருக்கும் பழகிடுச்சே. பட்டறைக்கும் அதேதான்."

இந்த ஆள்மேல் மட்டும் அருவருப்பு வந்திருந்தால் நிம்மதி. துழாவும் நாக்கிலிருந்து அச்சுப்பிரதி வரை எல்லாம் தான் பெற்றுப் பெயர் வைத்தவையாகத் தெரிந்தன.

இறங்கி, பட்டறை வாசலுக்குப் போனார். ஷிப்டு விடும் நேரம். மேடைகளில் மணிக்கணக்காகப் பேசியவருக்கு இங்கே குரல் பிசிறியது.

"வேலை போனா பதிவை மட்டும் விட்டுடாதீங்க. வெட்கமா இருந்தாலும் போய்ப் புதுப்பிங்க. போகலைன்னா, உங்களுக்கு வேலை கிடைச்சிடுச்சுன்னு எழுதிடுவாங்க."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த வெல்டர் நின்றார். "எவன் அப்படி எழுதுவான்?"

"நான்தான் எழுதினேன்."

வெல்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். காறி ஓரமாகத் துப்பிவிட்டு, பின்னால் வந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்: "டேய், இங்க வாங்கடா. இந்தாள் சொல்றதை நல்லாக் கேட்டுக்கங்க."